மினுங்குகிற பக்கம் கீழே

எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் உமாபதி முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பான். ஓட்டலில் தோசை வந்தால், ஒரு விரலால் ஓரத்தைத் தூக்கி, அடிப்பக்கம் எப்படிச் சிவந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மேல்பக்கத்துக்கு வருவான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு மூலையைப் பிடிக்கும், லேசாகத் தேய்க்கும், பிறகு மெதுவாகத் திருப்பும். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். அதையும் படிப்பவன் போலப் பார்ப்பான். தூக்க முடியாத பொருளென்றால் சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து அடியில் நுழைத்துக்கொள்வான். ஒருமுறை நான் வைத்திருந்த புதுக்கவிதைப் பத்திரிகையை வாங்கி இப்படித் திருப்பினான். விளம்பரம் கிடைக்காததால் பின்னட்டையை வெள்ளையாகவே விட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது புரியுதுபா" என்று திருப்பிக் கொடுத்தான்.

தறி கொடுத்த பழக்கம் அது. பட்டுச் சேலை தறியில் கிடக்கும்போது அதன் முகம் தரையைப் பார்த்திருக்கும். நெய்கிறவன் கண்ணுக்குத் தெரிவது சேலையின் முதுகு. மயிலும் மாங்காயும் அவன் பார்க்காத பக்கத்தில் வளர்ந்துகொண்டு வரும். சந்தேகம் வந்தால் அடியில் ஒரு கண்ணாடியைப் பிடித்து, சரிகை ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். மினுங்குகிற பக்கம் முகம். முகம் எப்போதும் கீழே. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இதை யாரும் யாருக்கும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. சோற்றை வாயில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லித் தருவார்களா?

அந்தப் பிள்ளையார்பாளையத்தில் கைலாசம் என்கிற நெசவாளியின் மகன் உமாபதி. நான் அதே தெருவில் ஒரு மாடியறையில் குடியிருந்தேன். பட்டுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தா வேலை. 1971 தை மாதம் உமாபதி தறியை விட்டு எழுந்து போட்டோ ஸ்டூடியோ வைத்தான். வேறெதற்காகவும் இல்லை, அவனுக்கு இடுப்பு வலித்தது. ஒரு சேலையை முடிக்க மாதக்கணக்கில் தறிக் குழியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். போட்டோவுக்கு ஒரு அமுக்குப் போதும், அதுவும் நின்றுகொண்டே என்று கணக்குச் சொன்னான். கைலாசம் இதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"உக்காந்து செய்றது வேலை. நின்னுக்கினு செய்றது வேடிக்கை."

அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை. ஆனால் மகனுடைய தறியில் வேறு ஆளை உட்கார வைக்கவும் இல்லை. பாவு நூல் ஏற்றியது ஏற்றியபடி, மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடி வைத்தார். கேட்டவர்களிடம், "பையன் வெளியே போயிருக்கான்" என்றார், ஏதோ டீ குடிக்கப் போயிருப்பது போல.

ஸ்டூடியோவுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை உமாபதி என்னிடம் கொடுத்தான். கவிதை படிக்கிறவன் என்று என்னைப் பற்றி அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. நான் ரொம்ப யோசித்து 'நிழல்' என்றேன். கைலாசம் கேட்டுவிட்டு, அப்படி எழுதிப் போட்டால் வெயிலில் போகிறவன் எல்லாம் உள்ளே வந்து நிற்பான் என்றார். கடைசியில் 'உமாபதி போட்டோ நிலையம்' என்றே வைத்தோம். அப்படியும் சித்திரை வரைக்கும் அவர் சொன்னதுதான் நடந்தது. வந்தவர்களெல்லாம் மின்விசிறிக்கு நேராக நின்றார்கள், சுவரில் மாட்டியிருந்த காஷ்மீர் ஏரித் திரையைப் பார்த்து அது எந்த ஊர் தெப்பக்குளம் என்று கேட்டார்கள், போய்விட்டார்கள்.

உமாபதி தொழில் கற்றது மெட்ராஸில் ஒரு ஸ்டூடியோவில். கற்றது என்றால் பாதி. விளக்கை எங்கே வைப்பது, மோவாயை எவ்வளவு தூக்கச் சொல்வது, அழுகிற குழந்தையின் கண்ணுக்கு எதிரே எதை ஆட்டுவது, எல்லாம் கற்றான். இருட்டறைக்குள் மட்டும் முதலாளி அவனை விடவில்லை. அங்கேதான் தொழில் ரகசியம் இருக்கிறதாம். உமாபதி கதவுக்கு வெளியே நின்று, உள்ளே மருந்து ஊற்றும் சத்தத்தையும் தண்ணீர் அலசும் சத்தத்தையும் கேட்டே முழுவதையும் பிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டான். கேட்டுப் பிடிக்க முடியாத ஒன்று இருந்தது. நெகட்டிவுக்கு இரண்டு பக்கம் உண்டு; ஒன்று மினுங்கும், ஒன்று மங்கல். காகிதத்தின் மேல் அதை எந்தப் பக்கமாகப் போடுவது என்பதற்குச் சத்தம் கிடையாது. அதைப் பற்றி அவன் யாரையும் கேட்கவும் இல்லை. கேட்க என்ன இருக்கிறது? மினுங்குகிற பக்கத்தைக் கீழே போட்டான்.

அவனுடைய கேமரா மூன்று மரக்கால்களில் நிற்கும் பழைய பெட்டி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் கண்ணாடித் தகட்டில் ஆட்கள் தலைகீழாகத் தெரிவார்கள். நாள் முழுக்க அப்படியே பார்த்துப் பழகியதால் வாடிக்கையாளர்களின் முகம் அவனுக்குத் தலைகீழாகத்தான் மனதில் தங்கியது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் கழுத்தை வளைத்து ஒரு பக்கமாகக் கவிழ்ந்து பார்த்துவிட்டு, "ஓ, நீங்களா" என்பான்.

முதல் நல்ல பெயரை வாங்கித் தந்தவர் சாயப்பட்டறை வரதராஜன். படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து, இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் கடைக்கே வந்து சொன்னார்: "அச்சு அசல் கண்ணாடில பாக்கற மாதிரியே இருக்குதுபா."

அந்த வார்த்தை பரவியது. ராஜ வீதியில் ராஜகோபால் என்பவர் ரொம்ப காலமாக ஸ்டூடியோ வைத்திருந்தார். நன்றாகத் தொழில் தெரிந்தவர். அவரிடம் எடுத்தால் வாய் ஒரு பக்கம் கோணுகிறது, மூக்கு திரும்பிக்கொள்கிறது என்று இப்போது பேச ஆரம்பித்தார்கள். உமாபதியிடம் எடுத்தால் முகம் நேராக இருக்கிறதாம். போதாததற்கு உமாபதியின் படங்களில் லேசான ஒரு மங்கல் இருந்தது. அதில் வயதானவர்களின் சுருக்கங்கள் காணாமல் போயின. ராஜகோபால் லென்ஸை மாற்றினார். வாய் கோணிக்கொண்டுதான் இருந்தது. திரும்ப மாற்றினார். ஆடி பிறந்தபோது அவர் கடைப் பையன்களே உமாபதியிடம் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது யோசித்தால், அந்த வருஷம் முழுக்க எங்கள் எல்லோருடைய கண்ணும் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. ஒரு அம்மாள் தன் படத்தில் முந்தானை வலது தோளில் கிடப்பதைப் பார்த்து, அவசரத்தில் சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டா தெருவில் நடந்து வந்தேன் என்று வெட்கப்பட்டுப் போனாள். படத்தைச் சந்தேகப்படவில்லை. எனக்கும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தான். அதில் என் சட்டைப்பை வலது பக்கம் இருந்தது. தையல்காரர் தப்பாகத் தைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன். சட்டையை எடுத்து ஒருமுறை பார்த்திருக்கலாம். தோன்றவில்லை.

ஒருமுறை மட்டும் மாட்டிக்கொண்டிருக்க வேண்டியது. முசரவாக்கத்தில் கண்ணாயிரம் என்பவர் சைக்கிள் கடை திறந்தார். கடை வாசலில் அவரை நிற்க வைத்து உமாபதி எடுத்த படத்தில், தலைக்கு மேல் இருந்த பெயர்ப்பலகையின் எழுத்துகள் எல்லாம் வலமிருந்து இடமாகத் திரும்பிக் கிடந்தன. கண்ணாயிரம் படத்தோடு பெயிண்டர் தர்மன் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டார். தர்மன் கடைக்கே ஓடிவந்து பலகையைப் பார்த்தார். பலகை சரியாக இருந்தது. கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் தர்மனே தீர்ப்பும் சொன்னார்: கேமரா பெட்டிக்கு உள்ளே இருந்து பார்க்கிறது, ஓட்டல் கண்ணாடிக் கதவில் எழுதியிருப்பதை உள்ளேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? அப்படித்தான் தெரியும். இதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். உமாபதியும் ஒத்துக்கொண்டான். அப்படியானால் முகம்? என்று நான் மெதுவாகக் கேட்டேன். "முகத்துல எழுத்தா இருக்குது?" என்றான்.

கார்த்திகையில் அவன் தங்கை மங்கையர்க்கரசிக்கு ஒரு வரன் வந்தது. வீட்டில் மங்கை என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு வயது இருபத்தாறு முடிந்திருந்தது. பல பேர் வந்து பார்த்து, கேசரி சாப்பிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று எழுந்து போயிருந்தார்கள். அவள் வாய்தான் காரணம் என்று அவள் அம்மா சொல்வார். வாய் இருந்தது உண்மைதான். மேலுதட்டுக்குப் பக்கத்தில், இடது கன்னத்தில், மிளகு அளவுக்கு ஒரு மச்சமும் இருந்தது.

மாப்பிள்ளை ஆரணி, பெயர் தணிகாசலம். அங்கேயும் பட்டுத் தறிக் குடும்பம். தரகர் கொண்டுவந்த அவன் படத்தை மங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சிரிப்பு வர்ற மூஞ்சிதான். இன்னும் வர்ல" என்றாள். பிறகு அந்தப் படம் வீட்டில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அவளுடைய தறியில், கையெட்டுகிற இடத்தில் செருகி வைத்திருந்ததை உமாபதி பார்த்திருக்கிறான். இதற்கு முன்னால் வந்த எந்தப் படத்தையும் அவள் அப்படி வைத்துக்கொண்டதில்லை. எனக்கு அதைச் சொன்னபோது அவன் குரல் இறங்கிவிட்டது.

பதிலுக்கு மங்கையின் படம் போக வேண்டும். உமாபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கடையைச் சாத்திக்கொண்டு தங்கையை எடுத்தான். படம் வந்ததும் அவன் அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். என்னமோ வித்தியாசமாக இருக்கிறாளே, அழகாக வந்திருக்கிறாள், அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மங்கை மட்டும், இதுவரைக்கும் எடுத்த படத்தில் எல்லாம் வேறு யாரோ இருந்தாள், இதில்தான் நான் இருக்கிறேன் என்றாள். கைலாசம் படத்தை வாங்கித் திருப்பி, முதுகைப் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்த்தார். அப்புறம் மகனிடம் சொன்னார்:

"இது அவளைக் கரையேத்திச்சுன்னா, உன் தறில வேற ஆளை உக்கார வெக்கறேன். இல்லைன்னா நீ வந்து உக்காரு. அவளும் தறில, நீயும் தறில. ரெண்டு பேரும் எதுக்க எதுக்க பாத்துக்கினு இருங்க."

ஆரணியிலிருந்து உடனே தகவல் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கிருஷ்ணவேணிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். முக்கியமாக அந்த மச்சம் பிடித்துவிட்டதாம். வருகிற வெள்ளிக்கிழமையே வருகிறார்களாம். தரகர் அவ்வளவுதான் சொன்னார். மச்சத்தின் அதிர்ஷ்டத்தை இத்தனை வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று தெருவே பேசிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை உமாபதி என்னையும் வரச் சொன்னான். சொந்தக்காரர்கள் குறைவு, ஆண்கள் பக்கத்தில் ஒரு தலை கூடுதலாக இருக்கட்டும், உட்கார்ந்திரு, பேசாதே என்றான். எனக்கு அது சுலபம்.

ஆரணிக்காரர்கள் வந்தார்கள். கிருஷ்ணவேணியம்மாள் நல்ல உயரம், உட்கார்ந்ததும் கூடம் சிறியதானது போல இருந்தது. அவர் கணவர் வேதாசலம் வாசற்படிக்கு அருகில் இடம் பார்த்துக்கொண்டார். தணிகாசலம் படத்தில் இருந்தது போலவே இருந்தான். மங்கை காபித் தட்டோடு வந்து நின்றாள்.

கிருஷ்ணவேணியம்மாள் அவளைப் பார்த்தார். கைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"இது யாரு?"

"பொண்ணும்மா" என்றார் கைலாசம்.

"அது தெரியுது. படத்துல இருக்கற பொண்ணு எங்க?"

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். மூத்த மருமகளால் அவர் வீடு ஏற்கனவே இரண்டாகிக் கிடக்கிறது. இளையவளுக்கு வலது கன்னத்தில் மச்சம் இருந்தால் வீடு ஒட்டும் என்று ஆரணி ஜோசியர் சொல்லியிருக்கிறார். அதற்காகவே எத்தனையோ படங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இந்தப் படத்துப் பெண்ணுக்கு மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது. இங்கே காபி கொண்டுவந்தவளுக்கு இடது கன்னத்தில் இருக்கிறது. ஆக, இவள் வேறு. இரட்டைப் பிள்ளைகள். நல்லதைக் காட்டிவிட்டு மற்றதைத் தள்ளிவிடப் பார்க்கிறீர்கள்.

கைலாசத்துக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளேயிருந்து பக்கத்து வீட்டு அம்சவேணி உதவிக்கு வந்தாள். "ரெட்டையும் இல்ல, ஒண்ணும் இல்லமா. பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினு இருக்கறோம், ஒரு பொண்ணுதான்."

"ஒண்ணொண்ணா வெளிய வந்தா உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் கிருஷ்ணவேணியம்மாள்.

அம்சவேணி மங்கையை ஒருமாதிரி பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் கணத்தில் சங்கதி எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. ஆரணிக்காரப் பெண்கள் இரண்டு பேர் எழுந்து சமையற்கட்டைப் பார்த்தார்கள், தறியறையைப் பார்த்தார்கள். உமாபதியின் தறிமேல் கிடந்த வேட்டியைத் தூக்கி அடியில் குனிந்து பார்த்தார்கள். மங்கை தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே, "குதிர்லயும் பாருங்க, அங்கதான் அவ மதியானம் படுப்பா" என்றாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நெல் குதிரின் மூடியைத் திறந்தும் பார்த்தார்கள்.

மங்கை சிரிக்கிற மாதிரிதான் இருந்தாள். ஆனால் தட்டை யாரிடமும் நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உமாபதி எழுந்து ஓடினான். நான் பின்னால் ஓடினேன். கடையைத் திறந்து, கைக்குக் கிடைத்த படங்களையும் மங்கையின் நெகட்டிவையும் அள்ளிக்கொண்டு திரும்பினான். தான் எடுக்கும் படத்தில் பொய்யே வராது என்று நிரூபிப்பதற்காக! முதலில் தன் அப்பாவின் படத்தை நீட்டினான். கைலாசத்துக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு, எப்போதோ தறியில் ஓடும் நாடாக் கட்டை தெறித்துப் பட்டது. கிருஷ்ணவேணியம்மாள் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். படத்தில் தழும்பு வலது பக்கம் இருந்தது.

"இவருக்கும் ரெட்டையா?"

அடுத்து என் படம். சட்டைப்பை. நான் அன்றைக்கும் அதே சட்டையைத்தான் போட்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்ததும் கையால் பையை மூடிக்கொண்டேன்.

"இந்த ஊர்ல எல்லாருமே ரெண்டு ரெண்டாத்தான் பொறக்கறாங்களா?"

உமாபதி நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான். மறுபடி திருப்பினான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த விதத்திலிருந்து, ஒரு வருஷமாக எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக அவன் தலைக்குள் புரண்டு படுப்பது எனக்குத் தெரிந்தது: வரதராஜன், முந்தானை அம்மாள், முசரவாக்கத்துப் பலகை. இதை இங்கே சொன்னால் கடை போகும். சொல்லாவிட்டால் மங்கையின் கல்யாணம் போகும். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"நைனா, தப்பு என்னுதுதான். மினுங்கற பக்கத்தைக் கீழ போட்டுட்டேன். ஊர்ல எல்லாருக்கும் அப்பிடித்தான் போட்டுக் குடுத்திருக்கறேன்."

கைலாசம் அவனை முறைத்தார். "வேற எப்பிடிடா போடுவே?"

"மங்கல் பக்கம் கீழ வரணும் போலக்குது."

"மங்கல் பக்கம் கீழயா? முகத்தை மேல வெச்சி எவனாவது வேலை செய்வானா?" அவர் ஆரணிக்காரர்கள் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ல எப்பிடி?"

வேதாசலம் அன்றைக்கு முதல் முறையாக வாயைத் திறந்தார். "எங்க ஊர்லயும் முகம் கீழதான்."

அதற்குப் பிறகு ஒரு நல்ல விவாதம் நடந்தது. ஆரணி ஆண்களும் காஞ்சிபுரத்து ஆண்களும் நெகட்டிவை வாங்கி வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்கள். மினுங்குகிற பக்கம்தான் முகம் என்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமே இல்லை. பையன் செய்தது சரி, நெகட்டிவ் செய்தவன்தான் தப்பாகச் செய்திருக்கிறான் என்று முடிவானது. ஒரு வருஷமாக மகனை வேடிக்கைக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்த கைலாசம், அவன் தொழிலைச் சரியாகத்தான் செய்தான் என்று எல்லோர் எதிரிலும் அடித்துப் பேசினார்.

கிருஷ்ணவேணியம்மாள் மட்டும் மசியவில்லை. உமாபதி சட்டைப் பையிலிருந்து கண்ணாடித் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, மங்கையை அதில் பார்க்கச் சொன்னான். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, தோளுக்கு மேல் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"இதோ இருக்கறா பாரு. இவதான். நான் கேட்டது இவளைத்தான்."

"அவளும் இவளும் ஒண்ணுதாம்மா" என்று கைலாசம் கெஞ்சினார்.

"எனக்கு இவதான் வேணும்."

கண்ணாடிக்குள் இருக்கிற பெண்ணை எப்படிக் கட்டிக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது மங்கை தட்டைக் கீழே வைத்தாள். நேராக வந்து கிருஷ்ணவேணியம்மாளுக்கு எதிரில், ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்க வலது கையை நீட்டுங்க."

அந்த 'அத்தை'யைக் கேட்டு எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவர் யோசிக்காமல் கையை நீட்டிவிட்டார். விரல் நேராக மச்சத்தின் மேல் போய் நின்றது.

"உங்களுக்கு வலது பக்கந்தானே இருக்குது? உங்க எதிர்ல இருக்கற வரைக்கும் இது வலது பக்கந்தான். நீங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் எதிர்ல வந்து நிக்கறேன்."

"எதிர்ல நிக்கறேன்னு இப்பவே சொல்றாளே" என்றார் கிருஷ்ணவேணியம்மாள். ஆனால் விரலை எடுக்கவில்லை. மச்சத்தை லேசாகத் தேய்த்துப் பார்த்தார், மை இல்லை என்று தெரிந்துகொள்ள. அந்த நேரத்தில் தணிகாசலம் ஒரே ஒரு வார்த்தை பேசினான். தனக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் சரிதான் என்றான். அவன் முகத்தில் வராமல் இருந்த சிரிப்பு வந்துவிட்டது. மங்கை அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு முன்னால் அவன் அம்மாவும் பார்த்துவிட்டார். ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். சம்மதம் என்று அர்த்தம்.

தை பிறந்ததும் ஆரணியில் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்பே அம்சவேணி தெருத்தெருவாகச் செய்தியைச் சொல்லி முடித்திருந்தாள். ஊரே படங்களைத் தூக்கிக்கொண்டு வந்து கடையை உடைக்கும் என்று உமாபதி காத்திருந்தான். கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, பழைய நெகட்டிவ்களை எல்லாம் மங்கல் பக்கம் கீழே வைத்துப் புதிதாகப் படம் போட்டு அடுக்கினான். வந்தவர்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தான். சாயப்பட்டறை வரதராஜன் சரியான படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருபா இது, வாய் கோணிக்கினு?" என்றார். பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். எல்லோரும் அப்படியே போனார்கள். தங்கள் படம் சரியாக இருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் ஆசையில்லை. கண்ணாயிரம் ஒருவர்தான் பலகைக்காகப் புதுப்படத்தை எடுத்துக்கொண்டார். அதிலும் தன் முகத்தை மட்டும் பழையபடி வைக்க முடியுமா என்று கேட்டார்.

அதிலிருந்து உமாபதி ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுவான்: உள்ளபடியா, கண்ணாடிப்படியா? தனியாக வருகிறவர்கள் கண்ணாடிப்படி என்பார்கள். தம்பதியாக வந்தால்தான் தகராறு. என்னைக் கண்ணாடிப்படி போடு, அவரை உள்ளபடி போடு என்பாள் மனைவி. கணவன் இதையே மாற்றிச் சொல்வார். மங்கை கல்யாணப் படத்தில் கிருஷ்ணவேணியம்மாள் விட்டுக்கொடுக்கவே இல்லை, மச்சம் வலது பக்கம் வந்தாக வேண்டும். அப்படித் திருப்பினால் மனைவி கணவனுக்கு வலது பக்கம் போய்விடுவாள். அதனால் இருவரையும் இடம் மாற்றி நிற்க வைத்து, மாங்கல்யம் தெரியும்படி முந்தானையை எதிர்த்தோளில் போடச் சொல்லி, மாப்பிள்ளையின் கடிகாரத்தைக் கை மாற்றிக் கட்டி, எல்லாவற்றையும் தப்பாக்கிவிட்டு எடுத்தான். படம் மிகச் சரியாக வந்தது. கல்யாணம் முடிந்து ஊர் திரும்பிய மறுநாள் கைலாசம் மகனுடைய தறியிலிருந்து வேட்டியை உருவி, கூரம் கிராமத்திலிருந்து வந்த ஒரு ஆளை அங்கே உட்கார வைத்தார். ஸ்டூடியோவின் முதல் வருஷம் அப்படி முடிந்தது.

மங்கை எதிரில் நிற்பேன் என்று சொன்னபடியே நின்றாள். கிருஷ்ணவேணியம்மாளோடு தினமும் வாதம் செய்தாள், ஒரு நாளும் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. மூத்தவள்கூடத் திரும்பி வந்து ஒரே உலையில் சேர்ந்துகொண்டாள். சில வருஷங்கள் கழித்து, சங்க வேலையாக ஆரணிக்குப் போனபோது நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். மாமியாரும் மருமகளும் உள்ளே ரசத்துக்கு எது முதலில் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஜோசியர் வாக்கு எப்படியோ பலித்துவிட்டது என்று, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்பதற்காக நான் சொன்னேன். வேதாசலம் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு என் இலைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தார். அன்றைக்கு ஜோசியர் வலது என்றும் சொல்லவில்லையாம், இடது என்றும் சொல்லவில்லையாம். வாய் நிறைய வெற்றிலை. விரலால் கன்னத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். கிருஷ்ணவேணியம்மாள் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். வேதாசலம் ஜோசியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜோசியர் தொட்டது தன்னுடைய இடது கன்னத்தை.